பழைய வீட்டின் வெளிப்பூச்சைக் கொத்தி எடுக்கப் போகிறீர்களா?

இருபது, முப்பது வருடம் ஆன வீடுகளில் வழக்கமாக நடப்பதுதான். ஜன்னலுக்குக் கீழே பூச்சு உப்பி நிற்கும். கை வைத்தால் மணல் பொலபொலவென்று கொட்டும். ஐப்பசி, கார்த்திகை வந்தால் உள்பக்கச் சுவரில் ஈரம் படரும். பெயின்டர் வந்து புட்டி வைத்து, இரண்டு கோட் அடித்துவிட்டுப் போவார். அடுத்த மழைக்கு அதே இடத்தில் மறுபடியும் கொப்புளம். கடைசியில் மேஸ்திரி சொல்லிவிடுவார்: "இதுக்கு மேல ஒட்டுப்போட்டு பிரயோஜனம் இல்ல சார். கொத்தி எடுத்துட்டுப் புதுசாத்தான் பூசணும்."

அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் சாதாரணமாகப் பார்க்கும் செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு வீட்டை மனத்தில் வைத்து எழுதியது. நான் அழுத்திச் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: கொத்துவதும் பூசுவதும் இரண்டு தனி வேலைகள். நடுவே சுவர் வெறுமையாக நிற்கும் அந்தச் சில நாட்களில்தான் வீட்டின் உண்மையான கோளாறு கண்ணுக்குத் தெரியும். காலையில் கொத்தி மாலையில் பூசிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். ஆள் பிடிப்பது, பணம் பிரிப்பது, மாதம் பார்ப்பது எல்லாம் இதை வைத்தே அமைய வேண்டும்.

தட்டிப் பார்த்துக் குறியுங்கள்

எல்லாப் பக்கமும் கொத்த வேண்டுமா என்பதை மேஸ்திரி முடிவு செய்வதற்கு முன் நீங்கள் முடிவு செய்யுங்கள். தெருச் சத்தம் இல்லாத காலை நேரத்தில் ஒரு சின்னச் சுத்தியலும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். சுத்தியலின் மரப்பிடியால் ஒரு அடிக்கு ஒரு தட்டு. சுவரைப் பிடித்திருக்கும் பூச்சு 'டக் டக்' என்று இறுக்கமாக ஒலிக்கும். சுவரை விட்டுவிட்ட பூச்சு காலிப் பானையைத் தட்டியது போல் கேட்கும். வித்தியாசம் பத்தே நிமிடத்தில் காதுக்குப் பிடிபட்டுவிடும். வெற்றொலி வரும் இடத்தைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போடுங்கள். மாடிச் சுவர் என்றால் ஏணியில் நீங்கள் ஏற வேண்டாம். ஒரு கொத்தனாருக்கு அரைநாள் கூலி கொடுத்து, அவர் தட்டத் தட்ட நீங்கள் கீழே நின்று கேளுங்கள்.

அப்புறம் தெருவில் நின்று மொத்தச் சுவரையும் பாருங்கள். வட்டங்கள் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குள் மட்டும் இருந்தால் அந்தப் பட்டையை மட்டும் எடுத்தால் போதும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் அந்த இடங்களைச் சதுரமாக வெட்டியெடுத்து ஒட்டுப் பூசலாம். ஒரு பக்கத்தில் பாதிக்கு மேல் வட்டமாக இருந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் எடுப்பதுதான் சரி. ஒட்டுக்கு மேல் ஒட்டு நிற்காது. நான்கு பக்கமும் ஒன்றாகக் கெட்டுப்போயிருப்பது அபூர்வம். வடகிழக்குப் பருவமழையை நேரே வாங்கும் சுவர், பிற்பகல் வெயிலில் காயும் மேற்குச் சுவர், குளியலறைக் குழாய்கள் இறங்கும் பின்பக்கம் என்று ஒன்றிரண்டு பக்கம்தான் மோசமாக இருக்கும். "எப்படியும் சாரம் கட்டுறோம், மொத்தமா எடுத்துடலாம்" என்பார்கள். நன்றாக ஒட்டியிருக்கும் பூச்சைக் காசு கொடுத்து உடைக்க வேண்டிய அவசியம் இல்லை. அதை உடைக்கும்போது செங்கல்லும் சேர்ந்து உடையும்.

மயிரிழை விரிசல்கள் வலைபோல் படர்ந்திருப்பது மட்டும் கொத்துவதற்குக் காரணம் ஆகாது. தட்டினால் இறுக்கமாக ஒலித்தால் வெளிச்சுவர் பெயின்ட்டே அதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் படிக்கட்டு மாதிரி சாய்வாக ஏறும் விரிசல், ஜன்னல் மூலையிலிருந்து புறப்பட்டு அகன்றுகொண்டே போகும் விரிசல் இருந்தால் பூச்சைத் தொடும் முன் ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அது அஸ்திவார அசைவாக இருக்கலாம். கோயம்புத்தூர், கோவில்பட்டி போன்ற கரிசல் மண் பகுதிகளில், மழைக்கு மண் உப்பி வெயிலுக்குச் சுருங்குவதால் இப்படி வருவது உண்டு. அங்கே எத்தனை தடவை பூசினாலும் அதே கோட்டில் பிளக்கும்.

தண்ணீர் எந்த வழியாக வந்தது?

பூச்சு தானாகச் சாவதில்லை, தண்ணீர்தான் கொல்கிறது. ஆகவே வழியைக் கண்டுபிடிக்காமல் கொத்தினால் புதுப்பூச்சுக்கும் அதே கதிதான்.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மேல்முகத்தில்தான் நான் எப்போதும் தேடத் தொடங்குவேன். எங்கள் உறவினர் வீடு ஒன்றில் மாடி அறையின் ஜன்னலுக்கு மேலே பூச்சு உப்பிக்கொண்டே இருந்தது. ஜன்னலைச் சுற்றி எத்தனையோ பூசிப் பார்த்தார்கள். மேலே போய்ப் பார்த்தால் கைப்பிடிச் சுவரின் தலையில் நீளவாக்கில் ஒரு விரிசல், அதற்குள் கறுப்பாகப் பாசி. மழைத்தண்ணீர் அந்தப் பிளவுக்குள் இறங்கி, பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவிலேயே ஓடி, லிண்டலில் (ஜன்னலுக்கு மேலே போகும் கான்கிரீட் விட்டம்) முட்டி நின்று அங்கே உப்பியிருக்கிறது. பூச்சு உப்பும் இடமும் தண்ணீர் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது குறைவு. மேலிருந்து கீழாகத் தேடுங்கள்.

சன்ஷேடின் மேல்முகம் வெளிப்பக்கம் சரிந்திருக்கிறதா, சுவர்ப்பக்கம் சரிந்து தண்ணீர் தேங்குகிறதா என்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பிவிசி குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் இடைவெளி இருக்கிறதா, கிளாம்ப் ஆணிகள் துருவேறி ஓட்டை போட்டிருக்கின்றனவா, பின்பக்கக் குளியலறைச் சுவர் கோடையிலும் ஈரமாகவே இருக்கிறதா என்று கவனியுங்கள். கோடையிலும் ஈரம் என்றால் குழாய்க் கசிவு. பிளம்பர் வந்துவிட்டுப் போன பிறகுதான் கொத்தனாருக்கு வேலை.

கீழே வந்தால் இன்னொரு பெரிய காரணம் உண்டு: தெரு. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு, பல ஊர்களில் வீட்டின் கடைக்கால் மட்டம் (வெளியே தெரியும் சுவர் தொடங்கும் அடிமட்டம்) தெருவுக்குச் சமமாகவோ அதற்கும் கீழாகவோ போய்விட்டது. மழைத்தண்ணீர் சுவரோரம் நிற்கும். செங்கல் அதை உறிஞ்சி இரண்டு மூன்றடி உயரத்துக்கு ஏற்றும். கூடவே உப்பும் ஏறி, வெள்ளையாகப் பூத்து, பூச்சைத் தள்ளிவிடும். சுவரையொட்டிப் பூச்செடிப் பாத்தி போட்டிருந்தாலும் இதே கதை. இங்கே பூச்சை மாற்றுவதோடு தண்ணீர் ஓடுவதற்கு வாட்டமும் செய்ய வேண்டும்.

பூச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

ஆள் பேசுவதற்கு முன், கண்ணில் படாத ஒரு மூலையில் இரண்டடிக்கு இரண்டடி கொத்தச் சொல்லுங்கள். இந்த மாதிரிக் கொத்து நிறைய விஷயங்களைச் சொல்லிவிடும். பூச்சு எவ்வளவு கனம்? வழக்கமான வெளிப்பூச்சு 15 முதல் 20 மில்லிமீட்டர் இருக்கும். கோணலைச் சரிக்கட்ட 40 வரை ஏற்றிய சுவர்களும் உண்டு, அப்படியானால் இடிபாடும் கூலியும் இரட்டிப்பாகும். உள்ளே இருப்பது நாட்டுச் செங்கல்லா, ஹாலோ பிளாக்கா, மண் வைத்துக் கட்டிய சுவரா? கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சந்துகளில் இருப்பது சிமெண்ட் கலவையா, சுண்ணாம்பா?

ஹாலோ பிளாக் சுவரில் கனமான பிரேக்கர் மிஷினை விட்டால் பிளாக்கின் முகமே உடைந்து உள்ளே ஓட்டை தெரியும். மண் கட்டுச் சுவரில் ஓங்கி அடித்தால் சந்து மண் முழுக்க உதிர்ந்துவிடும். சுண்ணாம்பில் கட்டிய பழைய சுவர் என்றால் இன்னும் நிதானம் வேண்டும். அது ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் சுவர். அதன் மேல் கெட்டியான சிமெண்ட் பூச்சைப் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, செங்கல் அரிக்கத் தொடங்கும். சுண்ணாம்பைச் சுண்ணாம்பால்தான் சரி செய்ய வேண்டும், அதற்குத் தெரிந்த கொத்தனாரைத் தேடித்தான் ஆக வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் இருப்பது போன்ற பளபளப்பான சுண்ணாம்புப் பூச்சு உங்கள் வீட்டில் இருந்தால், தயவு செய்து சாதாரண ஒப்பந்தக்காரரிடம் அதைக் கொடுத்துவிடாதீர்கள். ஒருமுறை உடைத்தால் அது திரும்ப வராது.

எந்த மாதம்?

பொங்கல் முடிந்து பங்குனி வரை, அதாவது ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை, தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு நல்ல காலம். மழை இல்லை, வெயிலும் கொளுத்தவில்லை, கொத்திய சுவர் நன்றாகக் காயும். சித்திரை, வைகாசியில் கொத்துவதற்குத் தடையில்லை. பூசும்போதுதான் சிரமம்: கலவை சீக்கிரம் உலரும், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை தண்ணீர் அடிக்க வேண்டும், அந்த நேரத்தில் பல ஊர்களில் தண்ணீரே தட்டுப்பாடு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சுவரைத் திறக்கவே வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரள எல்லையோர ஊர்களிலும் ஜூனிலேயே தென்மேற்கு மழை பிடித்துவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கொத்தனார் கிடைப்பதற்கும் பருவம் உண்டு. தை, வைகாசி கிரகப்பிரவேச முகூர்த்தங்களுக்கு முன் எல்லா மேஸ்திரிகளும் புதுவீடு முடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள். பழைய வீட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு அங்கே ஓடுவதும் நடக்கும். மார்கழியிலேயே பேசி, நாள் குறித்து வைத்துவிடுங்கள்.

அளவு உங்கள் கையில் இருக்கட்டும்

மூன்று பேரிடம் விலை கேட்டால் மூன்று பேரும் மூன்று அளவு சொல்வார்கள். அப்போது எது மலிவு என்றே தெரியாது. அளவை நீங்களே எடுத்து, ஒரே தாளை எல்லோரிடமும் கொடுங்கள்.

உதாரணமாக 30-க்கு 40 அடி தரைத்தள வீடு. சுற்றளவு 140 அடி. கடைக்கால் மட்டத்திலிருந்து கைப்பிடிச் சுவரின் தலை வரை 14 அடி என்றால் 1,960 சதுரடி. கதவு, ஜன்னல்களுக்கு ஒரு 200 போனால் ஏறக்குறைய 1,750. ஜன்னலின் பக்கவாட்டுப் பூச்சுக்கு ஈடாக ஜன்னல் அளவைக் கழிக்காமல் விடும் வழக்கம் பலரிடம் உண்டு. அது தப்பில்லை, ஆனால் கழிப்பதா வேண்டாமா என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். கடைசி நாள் சண்டை பெரும்பாலும் இதில்தான் வரும்.

இடிபாட்டுக் கணக்கும் போடுங்கள், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். 20 மில்லிமீட்டர் பூச்சு 100 சதுரடிக்கு 350 முதல் 400 கிலோ வரை எடை வரும். மேலே சொன்ன வீட்டில் மொத்தமும் எடுத்தால் ஆறு, ஏழு டன். உடைத்துக் குவித்தால் ஒன்றேமுக்கால் யூனிட் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி) போல நிற்கும். அது வாசலில் எங்கே நிற்கும், எந்த வண்டி வந்து எடுக்கும் என்பதையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

யாரிடம் கொடுப்பது, எப்படிப் பேசுவது

மூன்று விதமாகப் பேசலாம். பொருளும் கூலியும் சேர்த்து மொத்த ஒப்பந்தம், சதுரடிக்கு இவ்வளவு என்று கூலி ஒப்பந்தம், நாள் கூலி. கொத்துவதற்கு மட்டும் என்றால், சிமெண்ட் கட்டான செங்கல் சுவருக்குச் சதுரடிக் கூலி சரியாக வரும். பழைய, பலவீனமான சுவருக்கு நாள் கூலிதான் நல்லது. சதுரடிக் கணக்கில் வருபவருக்கு வேகம்தான் லாபம், அந்த வேகத்தில் செங்கல் போகும். நாள் கூலியில் நீங்கள் கூடவே நிற்க வேண்டியிருக்கும், ஆனால் "மெதுவா எடுங்கண்ணே" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கும்.

கொத்துவதும் பூசுவதும் ஒரே மேஸ்திரியாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. விலை தனித்தனியாக இருக்க வேண்டும், நடுவில் இடைவெளி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மேஸ்திரியின் வேலையைப் பார்க்கப் போகும்போது போன மாதம் முடித்த வீட்டைக் காட்டினால், சரி என்று பார்த்துவிட்டு, இரண்டு மழைக்காலம் கண்ட வீடு ஒன்றைக் கேளுங்கள். புதுப் பெயின்ட்டில் எல்லாப் பூச்சும் அழகுதான். அந்த வீட்டுக்காரரிடம் தனியாகக் கேட்க வேண்டியவை: சொன்ன ஆள் எண்ணிக்கை தினமும் வந்ததா, பாதியில் வேறு வேலைக்குப் போனார்களா, குப்பையை யார் எடுத்தார்கள், பேசியதற்கு மேல் எவ்வளவு ஆயிற்று?

உங்கள் வீட்டைப் பார்க்க வரும்போது அவர் என்ன செய்கிறார் என்பதையும் கவனியுங்கள். சுவரைத் தட்டிப் பார்ப்பவர், மாடிக்கு ஏறிப் பார்ப்பவர், "குளியலறை இந்தப் பக்கமா?" என்று கேட்பவர் ஒரு ரகம். தெருவில் நின்றே சதுரடிக்கு விலை சொல்பவர் இன்னொரு ரகம். முதல் ரகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

ஆட்களின் பாதுகாப்பைப் பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள். சாரத்தில் நிற்பவருக்குத் தலைக்கவசமும் இடுப்புக் கயிறும் உண்டா? தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்த அட்டை வைத்திருக்கிறார்களா? அந்த அட்டை இருந்தால் விபத்து நேரும்போது அந்தக் குடும்பத்துக்கு உதவி கிடைக்க வழி உண்டு. உங்கள் வீட்டுச் சுவருக்காக உயரத்தில் நிற்கும் மனிதர் அவர். கேட்பது நம் கடமை.

ஒரு தாளில் எழுதுங்கள்

முத்திரைத்தாள் எல்லாம் வேண்டாம், நோட்டுத் தாளே போதும். இருவர் கையெழுத்தும் தேதியும் இருக்கட்டும். எந்தெந்தப் பக்கம், எத்தனை சதுரடி, என்ன விலை. சாரம் யார் செலவு. இடிபாட்டை யார், எத்தனை நாளுக்குள் எடுப்பது. ஜன்னல் கண்ணாடி, ஓடு, குழாய் உடைந்தால் யார் பொறுப்பு. இவற்றோடு இந்த ஒரு வரியை மறக்காமல் சேருங்கள்: "கொத்தி முடித்த பின் வீட்டுக்காரர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் பூச்சு தொடங்கும், இடைப்பட்ட நாட்களுக்குக் கூலி இல்லை." மேஸ்திரி முகம் சுளிப்பார். ஆட்களைச் சும்மா வைத்திருக்க முடியாது என்பார், அது நியாயமும்கூட. அதனால் முன்கூட்டியே சொல்லி, அந்த ஒரு வாரம் அவர் வேறு வேலைக்குப் போய்வரும்படி நாள் அமைத்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் பத்து முதல் இருபது சதவீதத்துக்கு மேல் வேண்டாம். மீதியை வேலையின் கட்டத்தோடு கட்டுங்கள்: முதல் பக்கம் கொத்தி முடித்ததும் ஒன்று, மொத்தமும் முடித்துக் குப்பை எடுத்ததும் ஒன்று, பூச்சு முடிந்ததும் ஒன்று. பத்து சதவீதம் கடைசிவரை கையில் இருக்கட்டும். சனிக்கிழமை சம்பளம் என்பது இந்தத் தொழிலின் பழக்கம். நீங்கள் கட்டம் கட்டமாகக் கொடுத்தாலும், ஆட்களின் வாரக் கூலி தடைபடாத மாதிரி தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூலி வராத ஆள் திங்கட்கிழமை வரமாட்டார்.

ஆள் வருவதற்கு முந்தைய வாரம்

மின்கம்பி முதல் வேலை. கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் சுவரில் எங்கே பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சாரம் அதற்குப் பக்கத்தில் வருமென்றால் உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டிக்கவோ தள்ளி வைக்கவோ ஏற்பாடு செய்யுங்கள். மின்வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் எண் 94987 94987. ஈரச் சுவர், இரும்புச் சாரம், பழைய ஒயர் மூன்றும் ஒரே இடத்தில் சேரக் கூடாது. சுவருக்குள் பதித்த ஒயர் எந்தக் கோட்டில் ஓடுகிறது என்பதை எலக்ட்ரீஷியனை வைத்துச் சாக்பீஸால் குறித்துவிடுங்கள்.

ஏசியின் வெளி யூனிட்டை மெக்கானிக் கழற்றட்டும். ஜன்னல்களுக்கு உள்ளிருந்து பிளாஸ்டிக் தாள் ஒட்டுங்கள். தண்ணீர்த் தொட்டி மூடி, கிணறு எல்லாவற்றையும் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். மழைநீர் சேகரிப்புக் குழாயின் வாயை அடைக்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிமெண்ட் தூளும் மணலும் அதற்குள் இறங்கினால் கீழே உள்ள வடிகுழி அடைத்துக்கொள்ளும், அடுத்த மழையில் வாசலில் தண்ணீர் நிற்கும்.

பக்கத்து வீட்டாரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். நம் ஊர்களில் இரண்டு வீட்டுக்கும் நடுவே மூன்றடி இருந்தாலே அதிகம். சாரக் கம்பு அவர்கள் பக்கம் ஊன்ற வேண்டியிருக்கலாம், அவர்கள் துணி காயப்போடும் இடத்தில் தூசி விழும். "அக்கா, அடுத்த வாரம் ஒரு பத்து நாள் தொந்தரவு இருக்கும்" என்று முன்னாலேயே சொன்னால் பெரும்பாலோர் ஒத்துழைப்பார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்தின் சம்மதம் எழுத்தில் வேண்டும். வெளிச்சுவர் உங்களுடையது மட்டும் இல்லை. ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தை, வயதானவர்கள் வீட்டில் இருந்தால் கொத்தும் நாட்களில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அந்தத் தூசியில் இருக்கும் நுண்ணிய சிலிக்கா நுரையீரலுக்குக் கெடுதி. கொத்துபவர்களுக்கு என்95 முகக்கவசமும் கண்ணாடியும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், பெரிய செலவில்லை. துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது.

கொத்தும் நாட்கள்

சவுக்குக் கம்போ இரும்புக் குழாயோ, சாரம் சுவரில் ஓட்டை போடாமல் இரட்டை வரிசைக் காலில் நின்றால் நல்லது. சுவரைக் குடைந்துதான் கட்ட வேண்டும் என்றால், பிரிக்கும்போது அந்தக் குழிகளைச் சல்லிக் கான்கிரீட்டால் அடைக்கச் சொல்லுங்கள். வெறும் கலவையால் அடைத்த சாரக்குழிதான் பின்னால் ஈரம் புகும் வாசல்.

வேலை மேலிருந்து கீழாக, ஒரு நேரத்தில் ஒரு பக்கமாக நடக்க வேண்டும். ஒருவர் மேலே கொத்தும்போது நேர் கீழே வேறு யாரும் நிற்கக் கூடாது. ஜன்னல் ஓரங்களிலும், நல்ல பூச்சு நிற்கும் எல்லைக் கோட்டிலும் முதலில் கட்டிங் மிஷினால் ஒரு நேர்க்கோடு வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதிர்வு பரவி நல்ல பூச்சும் சுவரை விட்டுவிடும்.

உளி பிடிக்கும் விதத்தைப் பாருங்கள். தெரிந்த கொத்தனார் வெற்றொலி வரும் இடத்தில் ஒரு ஓட்டை போட்டு, அங்கிருந்து உளியைச் சாய்த்துப் பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவே செலுத்துவார். பூச்சு அடை அடையாகப் பெயர்ந்து வரும், செங்கல் முகத்தில் கீறல்தான் இருக்கும். அவசரக்காரர் உளியைச் சுவருக்கு நேராக வைத்து அறைவார். ஒவ்வொரு அடிக்கும் செங்கல்லில் ஒரு குழி. முதல் ஒரு மணி நேரம் நீங்கள் அங்கே நின்றால் இது தெரிந்துவிடும், அப்போதே சொல்லிவிடலாம். மிஷின் வைத்துத்தான் எடுப்பேன் என்றால் கைக்கு அடக்கமான சின்ன மிஷின் போதும், நாலரை அங்குலச் சுவரில் அதுவும் வேண்டாம்.

லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே கொத்தினால் தூசி அடங்கும். சாயங்காலம் ஆட்கள் கிளம்பும் முன் பாதி பெயர்ந்து தொங்கும் பூச்சு எதுவும் மேலே இருக்கக் கூடாது. இரவில் அது விழும்போது கீழே யார் போவார்கள் என்று தெரியாது.

இடிபாட்டை அன்றன்றே மூட்டை கட்டி ஒரே இடத்தில் அடுக்கச் சொல்லுங்கள். சாக்கடையிலோ ஏரிக்கரையிலோ கொட்டிவிட்டு வரும் வண்டிக்காரர்கள் இருக்கிறார்கள். எங்கே கொண்டுபோகிறார் என்று கேட்பது உங்கள் பொறுப்பு. கட்டட இடிபாட்டுக் கழிவுக்கென்று 2016-லேயே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. சென்னையில் இருப்பவர்கள் மாநகராட்சியின் 1913-ஐக் கூப்பிட்டு, கட்டடக் கழிவை எங்கே ஒப்படைக்கலாம் என்று கேட்கலாம். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் அதற்கான மறுசுழற்சி நிலையங்கள் உள்ளன. உப்புப் பூத்த பூச்சை வீட்டுக்குள் தளம் நிரப்பப் பயன்படுத்தாதீர்கள், உப்பும் கூடவே வரும். தோட்டத்திலும் போட வேண்டாம், மண் கெட்டுவிடும்.

வெறும் சுவரின் வாரம்

கொத்தி முடித்ததும் செங்கல் சந்துகளைப் பத்து மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி, கம்பி பிரஷால் தேய்த்து, தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். அடுத்து ஒரு வாரம் சுவரைக் காய விடுங்கள். தினமும் காலையில் ஒரு சுற்று போய்ப் போட்டோ எடுங்கள்.

இரண்டாம், மூன்றாம் நாளில் சில இடங்களில் வெள்ளையாக உப்புப் பூக்கும். தண்ணீர் ஊற்றாமல் காய்ந்த பிரஷால் அதைத் தட்டி எடுங்கள். ஈரம் பட்டால் உப்பு மறுபடி உள்ளே போகும். மீண்டும் பூத்தால் மீண்டும் எடுங்கள். மற்ற இடமெல்லாம் வெளுத்துக் காய்ந்த பிறகும் ஒரே ஒரு இடம் கருத்து நிற்கிறதா? அதுதான் நீங்கள் தேடிக்கொண்டிருந்த கசிவு. சந்தேகமாக இருந்தால் அங்கே ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பாருங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

விரலால் சுரண்டினால் மாவாக உதிரும் செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து மாற்ற வேண்டும். லிண்டல், சன்ஷேடு, தூண்களில் துருக் கறை தெரிந்தால் அந்த இடத்தில் கான்கிரீட்டைக் கம்பி தெரியும்வரை உடைத்து, துருவைத் தேய்த்தெடுத்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி பாதியாக மெலிந்திருந்தால் மேஸ்திரியின் யோசனை போதாது, பொறியாளர் பார்க்கட்டும். கைப்பிடிச் சுவர், குழாய், சன்ஷேடு எல்லாக் கசிவையும் அடைக்க வேண்டியதும் இப்போதே. மழை வரும் போலிருந்தால் மூட ஒரு பெரிய தார்ப்பாய் மாடியில் தயாராக இருக்கட்டும்.

பூச்சு தொடங்கும்போது

இது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம், அவசியமானதை மட்டும் சொல்கிறேன். செங்கல்லும் கான்கிரீட்டும் சேரும் கோட்டில் கோழிவலை அடிக்க வேண்டும், விரிசல் பெரும்பாலும் அங்கேதான் வரும். மணலுக்கு, பூச்சுக்கென்று வரும் பி-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் நைசான மணல்) அல்லது சலித்த ஆற்று மணல். உப்புத் தண்ணீர் கூடாது. ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல், இரண்டு கோட்டாக, மொத்தம் 20 மில்லிமீட்டர். 100 சதுரடிக்குச் சிமெண்ட் ஒன்றரை மூட்டை வரை ஆகும். மணியாசுக் கட்டை (பூச்சைச் சமன் செய்யும் மரக்கட்டை) போட்டுத் தேய்க்கும்போது மேலே காய்ந்த சிமெண்டைத் தூவும் பழக்கம் உண்டு. மழமழப்பாக வரும், ஆனால் அந்த மேல்தோல்தான் பிறகு வலைபோல் வெடிக்கிறது. வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சன்ஷேடின் அடியில் ஓரத்தையொட்டித் தண்ணீர் சொட்ட ஒரு காடி (சின்னப் பள்ளக்கோடு) இழுக்கச் சொல்லுங்கள், தண்ணீர் சுவருக்குத் திரும்பி ஓடாது.

மறுநாளிலிருந்து குறைந்தது ஏழு நாள், முடிந்தால் பத்து நாள், சுவர் காயாமல் தண்ணீர் அடிக்க வேண்டும். இதை யார் செய்வது என்பதையும் ஒப்பந்தத் தாளில் எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் பூச்சு முடிந்ததும் ஆட்கள் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். வீட்டில் ஆள் இல்லை என்றால் தெருவில் ஒருவருக்குச் சம்பளம் பேசிவிடுங்கள்.

சாரம் பிரிக்கும் முன் ஒருமுறை ஏறச் சொல்லித் தட்டிப் பார்த்து, வெற்றொலி வரும் இடத்தை அப்போதே மாற்ற வைத்து, கையில் வைத்த பத்து சதவீதத்தைக் கொடுத்துக் கணக்கை முடியுங்கள். பெயின்டரை நான்கு வாரம் கழித்து வரச் சொல்லலாம்.